செவலைக்கு வாங்கிய தீவனம்

சித்தி எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, தேங்காயை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். சித்தப்பா எப்படித் தேறினார் என்பது எங்கள் வீட்டில் பழைய கிண்டல்.

ரெங்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் குதிரை இருந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றி ஊர்வலம் விடலாம் என்று சித்தப்பா வாங்கினார். நான் அதைச் செவலை என்று கூப்பிடுவேன். அந்த வருடம் அது நோயில் படுத்து எழுந்தது. புல் எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை, விலா எலும்புகள் அப்படியே தெரிந்தன.

அந்த நேரம் பார்த்துக் குதிரையேற்றப் பள்ளி நடத்தும் ஓர் அம்மா செவலையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். "எலும்புந்தோலுமா இருந்தா வேணாம்னு சொல்லிருவாங்க லா," என்று சித்தப்பா கவலைப்பட்டார்.

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அக்காவைப் பெண் பார்க்க இரண்டு தடவை வந்தார்கள். வீட்டைக் கழுவினோம், கேசரி கிண்டினோம், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்கா எங்களோடுதான் இருந்தாள். செவலையும் அழகாக நின்று காட்டினால் போதும்.

கொழுப்பு அதிகமுள்ள குச்சித் தீவனம்தான் சதை போடவைக்கும் என்றார்கள் தீவனக் கடையில். வெளிநாட்டு மூட்டையின் விலையைக் கேட்டதும் சித்தப்பா கடையை விட்டே வெளியே வந்துவிட்டார். சித்தி அசரவில்லை. அதில் ஒரு கைப்பிடி, மலிவான இரண்டு வகையில் ஒவ்வொரு கைப்பிடி என்று மாதிரி கேட்டு வாங்கிவந்தார். தனித்தனியாக இடித்து, நாசி லெமாக் சோறு மடிக்கிற பழுப்புத் தாளில் வைத்து, மேலே செங்கல்லை ஏற்றி வெயிலில் வைத்தார். தண்ணீர்க் கறை காய்ந்துவிடும், எண்ணெய்க் கறை நிற்கும்.

எல்லாவற்றிலும் மலிவானதுதான் தாளில் பெரிய வட்டம் போட்டிருந்தது. அதையே வாங்கலாம் என்று குதித்தேன். சித்தப்பாவும் என் பக்கம்.

"அது கோழித் தீவனம். கோழிக்குப் போடுற மருந்து கலந்திருக்கும், குதிரை தின்னா செத்துப் போயிரும்," என்றார் சித்தி. 

மிஞ்சியது, குதிரைக்கென்றே இங்கே தவிட்டில் செய்த தீவனம். கறையில் வெளிநாட்டுச் சரக்கைவிட ஒன்றும் குறைச்சல் இல்லை, விலை பாதிகூட வராது. முதலில் ஒரு பிடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஊறவைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்பது சித்தியின் கட்டளை. ஊறவைப்பது என் வேலை. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் ஓடுவேன். மெல்ல விலா எலும்புகள் மறைந்தன. தோல் பளபளத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்கிடையில் சித்தி வேலைக்கு அலைவது கஷ்டம் என்று தெப்ராவிலேயே அடுக்குமாடி வீடு பார்த்துவிட்டார்கள். நான் அங்கே போனபோது கீழே கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பார்த்து, தூண் ஓரமாகச் செவலைக்கு ஓர் இடமும் பிடித்துவைத்தேன். யாரும் மறுக்கவில்லை. சித்தப்பா என் தலையைத் தடவினார்.

அந்த அம்மா வந்தார். செவலையின் விலாவில் கையை ஓட்டினார். பல்லைப் பார்த்தார். சிரித்தார். என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டார். சித்தியை முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். எந்தத் தீவனம், எவ்வளவு, எத்தனை நேரம் ஊறவேண்டும், எல்லாமே ஒப்பித்தேன். "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். திரும்பிப் பார்த்தேன், சித்தியைக் காணவில்லை. சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இவ்வளவு விவரமாகக் கேட்கிறாரே, அவரிடமும் ஒரு மெலிந்த குதிரை இருக்கிறது போல என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. மிச்சமிருந்த மூட்டையை நானே இழுத்துவந்து, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

வாசலில் அவருடைய லாரி பின்கதவு திறந்து நின்றது. ஒரு மூட்டைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று மட்டும் யோசித்தேன்.