இனி ஒரே லேப்

ஒரகடத்தில் லேப் வாசலில் காலையில் நிற்பவர்கள் எல்லோரும் இளைஞர்கள். கம்பெனியில் சேருமுன் மெடிக்கல் டெஸ்ட் எடுக்க வந்தவர்கள். எங்கள் பாளையங்கோட்டையில் என் வயதுக்காரர்கள்தான் நிற்பார்கள். முழங்கால், சர்க்கரை என்று பேச்சுத்துணைக்குக் குறைவே இராது. இங்கே கவுண்டர் பெண், "பையனுக்கா சார்? அவர வரச் சொல்லுங்க" என்றாள். எனக்குத்தான், பி.எஸ்.ஏ. டெஸ்ட் என்றேன். "எந்தக் கம்பெனி சார் அதெல்லாம் கேக்குது?" என்று வியந்தாள்.

கேட்டது கம்பெனி அல்ல, என் டாக்டர். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றதும், பார்த்துக்கொள்ள அண்ணன் குடும்பம் இருக்கிறதென்று ஊருக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடும் புரதம். சுரப்பியையே எடுத்துவிட்டதால் அது இனி அநேகமாக இல்லாமலே போக வேண்டும். ஊரில் எடுத்த முதல் டெஸ்டில் அப்படியே வந்தது: 0.01-க்கும் கீழ். அடுத்ததற்கு லீவு கிடைக்கவில்லை. ஒரகடத்தில் எடுத்தேன். 0.04.

நாலு மடங்கு! நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். மாடிப்படியில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருந்த என்னிடமிருந்து வீட்டுக்காரர் பச்சையப்பன் அதை வாங்கிப் பார்த்தார். பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

"நாலு வரைக்கும் நார்மல்னு இங்கியே போட்டுகீது. இன்னாத்துக்கு சார் மூஞ்சத் தொங்கப்போட்டுகினு கீற?"

"அந்த நாலு சுரப்பி இருக்கிறவங்களுக்கு அண்ணாச்சி. எனக்குத்தான் எடுத்தாச்சே."

"எடுத்தாச்சா? அப்ப இன்னாத்தத்தான் டெஸ்ட் பண்றானுங்கோ?"

எங்காவது மிச்சம் ஒட்டிக்கொண்டு வளர்கிறதா என்றுதான். அதைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை வாங்கி மடித்தேன்.

டாக்டருக்கு போன் செய்தேன். "அதே லேபா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மிஷின் வேற. ரெண்டு மிஷின் நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாமா? நீங்க குவாலிட்டில இருக்கிற ஆளுதானே?" என்று சிரித்தார். எங்கள் கம்பெனி லைனில் ஒரு கேஜில் அளந்ததை இன்னொரு கேஜ் அளவோடு ஒப்பிட்டு எவனாவது ரிப்போர்ட் கொடுத்தால் திருப்பி அனுப்புகிறவன் நான். என் ரத்தம் என்றதும் மறந்துபோயிற்று. "மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. கூடிக்கிட்டே போகுதான்னு பாப்போம். 0.2-ஐ எட்டி, மறுபடி எடுத்தும் அப்படியே வந்தாத்தான் நோய் திரும்புச்சுன்னு பேச்சு. ஆனா இனி ஒரே லேப். எந்த ஊர்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"ஊர்லயே எடுப்போம். அந்தச் சாக்குல மூணு மாசத்துக்கு ஒருக்கப் போலாம்லா" என்றாள் மனைவி. எனக்கும் ஆசைதான். ஆனால் வேலையும் வாடகை வீடும் இங்கே. இங்கேயே என்று முடிவு செய்தேன். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று மாதம் கழிந்து நேற்று ரிப்போர்ட் வந்தது. 0.04. துளியும் நகரவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். "ரொம்ப நல்லது. அடுத்த மூணு மாசத்துல பாப்போம்" என்று டாக்டரின் பதில் வந்தது. கீழ்வீட்டில் பச்சையப்பனிடம் சொல்லிவிட்டு மாடியேறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். மேலே மனைவி போனில் என் மதினியிடம், "ஒண்ணுமில்லக்கா, அப்படியேதான் நிக்கி. பொங்கலுக்குச் சும்மாவே வாரோம்" என்றாள். கீழே பச்சையப்பன் தெருவில் யாரிடமோ, "நம்ம சாருக்கு ஒண்ணியும் இல்லபா, நம்பரு அப்டியேகீது" என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டும் நன்றாகக் கேட்கிற படி அது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.