கூழ் ஊறிய வீடு

எனக்கு முதலில் வந்தது இருமல் இல்லை. கொட்டாவி பாதியில் நின்றது. வாயைத் திறந்தால் தொண்டைவரை வரும், முழுசாக வெளியே வராமல் அப்படியே அடங்கிவிடும். இதையெல்லாம் ஒரு நோய் என்று யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? நானும் சொல்லவில்லை.

பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் குளிரெடுத்து, காய்ச்சல் மாதிரி வந்து, விடிந்தால் போய்விடும். வறட்டு இருமல் அதற்கப்புறம்தான் சேர்ந்துகொண்டது. ஐம்பது வயதாகிவிட்டது, உடம்பும் போட்டுவிட்டது, பின்னே மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்திலேயே ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது.

என்னைப்போல் காரணம் தெரியாமல் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் உடம்பு பட்டதை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல் டவுனில். வீட்டுக்காரர் செல்வம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்த்தார். அவருக்கு முதலில் புறா, அப்புறம்தான் பொண்டாட்டி என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அவரும் மறுத்ததில்லை. ஒரே மகள் சுபா, கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

நான் காகிதக்கூழில் பொம்மை செய்வேன். பழைய செய்தித்தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அரைத்துப் பிழிந்து, வெந்தய மாவும் மைதாப் பசையும் சேர்த்துப் பிசைந்தால் கூழ் தயார். அதில் பரோட்டா மாஸ்டர், பஸ் கண்டக்டர், பூக்கட்டும் பெண், முட்டைக்கோஸ் மூட்டை தூக்குகிற ஆள் என்று நம்மூர் மனிதர்களைத்தான் செய்வேன். சுபா போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு எங்கெங்கிருந்தோ கேட்டார்கள். கொலு சமயத்தில் பொம்மைகளைப் பெட்டியில் கட்டி கூரியருக்குக் கொண்டுபோவதற்கே வீட்டுக்காரர் அரை நாள் கடையைச் சாத்துவார்.

மழைக்காலத்தில் கூழ் புளித்துப்போகும். தொட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படரும். பால் ஆடையை எடுப்பதுபோல் கையால் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பிசைவேன். காயாத பொம்மைகளைப் படுக்கையறை அலமாரியில் அடுக்கி, ஃபேனைப் போட்டுவிட்டு அங்கேயே தூங்குவேன். காய்ந்தபின் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும்போது அறை முழுக்கப் புழுதி பறக்கும். இத்தனையையும் விவரமாகச் சொல்கிறேன். டாக்டரிடம் இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

உள்ளூர் டாக்டர் முதலில் சளியைப் பரிசோதிக்கச் சொன்னார். காசநோய் இல்லை என்று வந்தது. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் குப்பி) கொடுத்தார். அதை உறிஞ்சி உறிஞ்சி வாய்தான் புண்ணானது. கடைசியில் மதுரையில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண்.

அந்தம்மா ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். சி.டி. ஸ்கேன் (உடம்பின் உள்ளே அடுக்கடுக்காகப் படமெடுப்பது) எடுத்துப் பார்த்தபோது, கறுப்பாக இருக்கவேண்டிய நுரையீரல் மார்கழிப் பனி இறங்கியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்டார்.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். வீட்லதான் இருக்கேன்."

வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

"வீட்டுல பறவை ஏதாவது வளக்குறீங்களா?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புறா இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். புறாவின் எச்சமும் இறகுத்தூளும் சிலருக்கு நுரையீரலைக் கெடுக்கும், உடனே அப்புறப்படுத்துங்கள் என்றார் டாக்டர்.

அந்த வாரமே வீட்டுக்காரர் புறாக்களைக் கூடைகளில் அடைத்து, எரியோட்டில் இருக்கிற அவருடைய சிநேகிதர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மாடியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். பந்தயப் புறாவுக்கு வீடு திரும்புவதுதானே வித்தை? மறுநாள் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்திலேயே அத்தனையும் எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அவர் துண்டை வீசி வீசி விரட்டினார். அவை கைப்பிடிச் சுவரில் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. ஒன்று வழக்கம்போல அவர் தோளிலேயே வந்து உட்கார்ந்தது. நான் கீழே படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "போங்கடா, போங்கன்னா" என்ற அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அழுகையாக மாறியது. மறுபடி பிடித்து, இந்தத் தடவை நாகர்கோவில் பக்கம் ஒருவருக்கு, வெளியே திறந்துவிடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குக் குறையவில்லை. அதுதான் என்னைத் தின்றது. அவர் தினமும் காலையில் ஆக்ஸிமீட்டரை (ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கருவி) என் விரலில் மாட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பார். கொடுத்துவிட்ட புறாக்களுக்காகவாவது இவள் தேறக்கூடாதா என்று அந்த முகம் கேட்பதுபோல் இருக்கும்.

அடுப்படியிலிருந்து பின்கட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றேன். ஆனாலும் கொலு வருகிறது, பொம்மை கேட்டிருக்கிறார்களே என்று கை பரபரத்தது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் வீட்டுக்காரர் கூழ்த்தொட்டியை இழுத்துக்கொண்டுவந்து என் கட்டில் ஓரத்தில் வைத்தார். "நீ நடக்க வேணாம் புள்ள. உக்காந்த எடத்துலயே செய்யி" என்றார். காகிதமும் அவரே கிழித்துப் போட்டார். ஈரக்காற்று ஆகாது என்று ஜன்னலையும் அடைத்தார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டு பிசைந்தேன்.

சில நாட்களிலேயே உதடு நீலம் பாரித்து, மதுரை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் படுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தேறினேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி மோசமானேன். திரும்பவும் சேர்த்தார்கள், திரும்பவும் தேறினேன். வீட்டுக்கே ஏதோ ஆகியிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூசணிக்காய்கூட உடைத்தோம். டாக்டர் பயாப்ஸி (சதையில் துளி வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்யவேண்டி வரலாம் என்றார். நுரையீரலில் கத்தியா என்று பயந்துபோனேன்.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று அடுத்த தடவை அந்தம்மாவுக்கு ஒரு பொம்மை எடுத்துப்போனேன். வெள்ளைக்கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கொஞ்சம் முறைத்த பார்வை. கையில் வாங்கியவர் சிரித்துவிட்டார்.

"என்ன இம்புட்டு லேசா இருக்கு! எங்கம்மா வாங்குனீங்க?"

"வாங்கல மேடம், இவ செஞ்சது" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. "வருசம் பூரா இவளுக்கு இதான வேல."

"வேலையா?" டாக்டர் என்னைப் பார்த்தார். "வேலைக்குப் போகலன்னு சொன்னீங்களேம்மா?"

"போகலதான மேடம். வீட்ல உக்காந்து பொம்மதான செய்றேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பொம்மையை மேசையில் வைத்துவிட்டு, எப்படிச் செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊறப்போடுவது, புளிப்பது, பூஞ்சணம் வழிப்பது, உப்புத்தாள் தேய்ப்பது எல்லாம் சொன்னேன். யாருமே இதுவரை இத்தனை அக்கறையாகக் கேட்டதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

"தொட்டி எங்க இருக்கும்?"

"மொதல்ல பின்கட்டுல இருந்துச்சு மேடம். இவளால நடக்க முடியலன்னு நாந்தான்..." வீட்டுக்காரருக்குச் சொல்லும்போதே புரிந்துவிட்டது. "நாந்தான் கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சேன்."

நோயின் பெயரை டாக்டர் அன்றைக்குத்தான் உறுதியாகச் சொன்னார். ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் (மூச்சில் போகும் நுண்ணிய தூசியை உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டை போட, அந்தச் சண்டையில் நுரையீரலே புண்ணாவது). புறாவாலும் வரும், ஈரத்தில் வளரும் பூஞ்சணத்தாலும் வரும். ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. கத்தி வேண்டாம் என்றார். ஆனால் கூழை இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது. வீட்டில் ஒரு துண்டு ஈரக்காகிதம் இருக்கக்கூடாது.

"முகத்துல துணி கட்டிக்கிட்டு செஞ்சா?" என்று கேட்டேன்.

"கூடாதும்மா."

"மொட்ட மாடியில வச்சு, காத்தோட்டமா?"

"உங்களுக்கு மூச்சு வேணும்மா" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கையால் இனி என்ன செய்வது என்று அவரிடம் எப்படிக் கேட்பது? எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் கொடை ரோடு தாண்டியது. "நானே கொண்டாந்து வச்சேனே புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க வைக்கலைன்னா நான் தவந்து போயாச்சும் அந்தத் தொட்டியில கைய விட்டிருப்பேன். சும்மா வாங்க."

"புறா பாவம்."

"பாவந்தான்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கவீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். புறாவை மறுபடி வாங்கவும் வழியில்லை. கெட்டுப்போன நுரையீரல் இனி அதையும் தாங்காதாம்.

என்னைத் தாடிக்கொம்பில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு அவரும் சுபாவும் வீட்டிலிருந்த கூழையும் காகிதத்தையும் காலி செய்தார்கள். காய்ந்த பொம்மைகளைக் கேட்டவர்களுக்கு அனுப்பினார்கள். ஈரமாக இருந்தவை குப்பை வண்டியில் போயின. பாதி முகம் வைத்த ஒரு பூக்காரியும் அதில் போனாள். சுபா அதைப் போனில் சொன்னபோது, பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி தேம்பினேன். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "பொம்மைக்கா மதினி இப்பிடி அழுவுறீங்க?" என்று கேட்டுவிட்டு, காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்டீராய்டு (உடம்பின் சண்டையை அடக்கும் மருந்து) மாதக்கணக்கில் சாப்பிட்டேன். முகம் உப்பியது, பசி தாளவில்லை, சர்க்கரை ஏறியது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "இப்பத்தான் நீ முந்தி செஞ்ச செட்டியார் பொம்ம மாதிரி லட்சணமா இருக்க" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும். மருந்தைவிட, வீடு சுத்தமானதுதான் என்னைப் பிழைக்கவைத்தது என்று டாக்டர் சொல்வார்.

உங்களிடம் டாக்டர் என்ன வேலை என்று கேட்டால், சம்பளத்தைக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கை எதைத் தொடுகிறது, மூச்சு எதை இழுக்கிறது என்றுதான் கேட்கிறார். பீடி சுற்றினாலும், மாவு அரைத்தாலும், கோழி வளர்த்தாலும், சும்மா ஆசைக்குச் செய்வதாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இப்போது மாடிப்படி ஏறிவிடுகிறேன், நடுவில் ஒருமுறை நின்று. நுரையீரலின் அடியில் கொஞ்சம் தழும்பு தங்கிவிட்டது. அது போகாது. முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் வந்துபோவது தெரிகிறது. அதனால் பகல் நீளமாகிவிட்டது. அவசரப்பட முடியாதவளுக்குச் சாயங்காலம் மெதுவாகத்தான் வருகிறது. கை மட்டும் இன்னும் பழகவில்லை. டிவி பார்க்கும்போது விரல்கள் தானாக எதையோ உருட்டிக்கொண்டிருக்கும்.

போன வாரம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அடுப்பில் கல்லைப் போட்டுவிட்டு உருண்டைக்காகக் காத்திருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பார்த்தால் கையில் ஒரு யானை, காதெல்லாம் விரித்துக்கொண்டு நிற்கிறது.

"ஏ புள்ள, கல்லு காயுது. யானையச் சுட்டா தும்பிக்கை யாருக்கு, வாலு யாருக்கு?" என்றார்.

சிரித்துவிட்டேன். பொத்துக்கொண்டு வந்தது, வயிறு குலுங்கக் குலுங்க. நோய் வந்ததிலிருந்து நான் இப்படிச் சிரித்ததில்லை. சிரித்தால் இருமல் பிடித்துக்கொள்ளும், கண் சொருகும், அவர் ஓடிவந்து முதுகைத் தடவுவார். அதற்குப் பயந்து சிரிப்பு வரும்போதே வாயைப் பொத்திப் பழகிவிட்டிருந்தேன். இப்போதும் சிரித்து முடித்ததும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை பாதித் தூரத்தில் என் முதுகுக்காக நின்றது. இருமலுக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம்.

வரவில்லை.

கல் புகைந்துகொண்டிருந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தடவ சிரி பாப்போம்" என்றார்.