முப்பத்தாறு வயதுக் குழந்தை

எனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகம் முப்பத்தாறு வயதில்தான் வந்தது. காரைக்காலில் எங்கள் டாக்டரிடம் சொன்னேன்.

"கல்யாணம் ஆயிடுச்சு, வேலைக்கும் போறீங்க. உங்களுக்கு என்னம்மா?" என்று சிரித்தார். விடாமல் கேட்டதால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சீட்டு எழுதித் தந்தார்.

லீவு போட்டு, பஸ் ஹாரனுக்குக் காதைப் பொத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "புள்ள எங்கம்மா?" என்றார்.

"நான்தாங்க."

"இது குழந்தைங்க பிரிவும்மா. மனநலப் பிரிவுக்கு எழுதி வாங்கிட்டு வாங்க."

மறுபடியும் காரைக்கால். "அப்படியா, பெரியவங்கள அங்க பாக்க மாட்டாங்களா?" என்று டாக்டர் என்னையே கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த முறை அவர் எதிரிலேயே பாண்டிக்குப் போன் போட்டு, பெரியவர்களைப் பார்ப்பார்களா என்று கேட்டு, நாள் வாங்கிய பிறகே எழுந்தேன்.

இப்போதெல்லாம் யார் எங்கே அனுப்பினாலும், போனில் கேட்காமல் பஸ் ஏறுவதில்லை.

— ஒரு வாசகி, திருநள்ளாறு