ஜெசிந்தா செய்து கொடுத்த சாலை

செய்தி வந்தபோது நான் இராஜபாளையத்தில், கல்லூரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாவின் அண்ணன்தான் பேசினார். "தங்கச்சி விடியக்காலையில போயிட்டாம்மா" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டிப்போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். நான் தனியாக வண்டி ஓட்டி வந்ததில் அங்கே யாருக்கும் வியப்பில்லை. அவளுக்கு மட்டும்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

நம் கல்லூரி மலரில் இதைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் அவள் கணினித் துறைப் பேராசிரியர். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதத் தொடங்கினேன். அவளே பக்கத்தில் நின்று சிரிப்பதுபோல் இருந்தது, விட்டுவிட்டேன். பல ஆண்டுகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் வண்டியில்தான் நான் வேலைக்கு வந்தேன். அவள் சுடிதாரில் முன்னால். நான் சேலையில், இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டபடி பின்னால். என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. எப்போதோ வாங்கியது. "ஏட்டி, லைசென்ஸை போட்டோ பார்க்கவா வச்சிருக்க?" என்பாள். என்னால் ஓட்ட முடியாது என்பேன். புள்ளியியல் கற்பிப்பவள் உறுதியாகச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அவள் மட்டும் பேசுவாள்.

பிறகு நோய் வந்தது. மதுரையில் கொடுத்த சிகிச்சையில் அவள் விரல்கள் மரத்துப்போயின. பிரேக்கைப் பிடித்தால் பிடித்தது தெரியவில்லை என்றாள். வண்டியை நிறுத்திவிட்டோம். நான் பஸ்ஸுக்கு மாறினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"பஸ்ல நீ போயிருவ, அது தெரியும். ஆனா ஒரு தடவையாவது நீ ஓட்டி நான் பின்னால உக்காந்து வரணும்ட்டி. அதுக்குள்ள ஓட்டப் பழகு."

எதற்குள் என்று நான் கேட்கவில்லை. "பார்க்கலாம்" என்றேன்.

என் பிறந்தநாளுக்கு அவள் எப்போதும் பால்கோவாதான் வாங்கித் தருவாள். அந்த முறை என் செல்பேசியை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தாள். வீடியோ கேம்.

"ஐம்பது வயசுல நான் கேம் ஆடவா?"

"கடையில கிடைக்கிறது இல்ல. உனக்குன்னே செஞ்சது. ஆடிப் பாரு, பொறவு திட்டு."

மரத்த விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் செய்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டினாள். என் பச்சைச் சேலையைக்கூட விடவில்லை. பின்னால் சுடிதாரில் ஜெசிந்தா. எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தைத் தாண்டித் தேர் வீதியில் தொடங்கி, நம் கல்லூரி வாசல் வரை அதே சாலை. நாய் குறுக்கே வரும். லாரி ஒலியெழுப்பும். இராஜபாளையம் நெருங்கினால், தறியில் நெய்த பேண்டேஜ் துணி சாலையோரம் நீளமாகக் காயும். அதன்மேல் சக்கரம் ஏறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேகமாகப் போனால் மதிப்பெண் குறையும். வழியெல்லாம் அவள் குரல். "ஏட்டி, இம்புட்டு வேகமா பிரேக் போட்டா என் மூக்கு உன் முதுகுலதான்." விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று மற்ற கேம்களில் வருமாமே, அது இதில் இல்லை. "செத்த நேரம் உக்காந்து தண்ணி குடி. பொறவு போவோம்" என்பாள்.

நான் சும்மா ஆடுகிறவள் அல்ல. ஒரு பிழையைக் கண்டுபிடித்து அவளிடம் சொன்னேன். "எல்லாம் சரி. ஆனா காலையில போகும்போது வலது பக்கம் மலையைப் போட்டிருக்க. காலையில மலை தெரியாது. மில் கட்டடம் மறைச்சிரும். சாயங்காலம் திரும்பும்போதுதான் தெரியும்."

அவள் இருமும்வரை சிரித்தாள். "காலையில மலை எங்கட்டி போகும்? காப்பி குடிக்கவா? நீ இடது பக்கம் பார்த்தே உக்காந்து வந்தவ. திரும்பிப் பார்த்தியா என்னைக்காவது?"

மறுநாள் பஸ்ஸில் வழக்கம்போல் இடப்பக்கம் பெண்கள் இருக்கையில் இடம் கிடைத்தது. எழுந்து, நிற்பவர்களுக்கிடையே குனிந்து, எதிர்ப்பக்கச் சன்னல் வழியாகப் பார்த்தேன். மில் கட்டடங்களுக்குப் பின்னால், அவற்றைவிட உயரமாக, நீலமாக மலை இருந்தது. பஸ் இராஜபாளையம் போய்ச் சேரும்வரை இருந்தது.

எல்லாவற்றுக்கும் சான்று கேட்பவள் நான். ஆனால் என்னால் ஓட்ட முடியாது என்பதும் காலையில் மலை தெரியாது என்பதும் ஒரே வகையான முடிவுகள்தான். இரண்டையும் நான் சோதித்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கினேன். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு தெருவில் ஓட்டிப் பழகினேன். இருமுறை விழுந்தேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

அவளை ஏற்றிக்கொண்டு போன நாளில் அவள் வேண்டுமென்றே சேலை கட்டி வந்தாள். "உன் சீட்டுல உன்ன மாதிரியே உக்காருதேன்" என்று காலை இடப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டாள். எடை குறைந்திருந்தாள், வண்டி அசையவேயில்லை. ஊரைத் தாண்டியதும் முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"என்னட்டி இது, பாதி ரோடுதான் தெரியுது. எம்புட்டு வருஷம் இப்படியே வந்திருக்க! போரடிக்கலையா?"

"நீ பேசிக்கிட்டே வந்த. போரடிக்க எங்க விட்ட?"

வழி முழுக்க அவள் கை என் தோளில் இருந்தது. கல்லூரி வாசலில் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "கேமைவிட மெதுவாத்தான் ஓட்டுத. ஆனா ஓட்டுத" என்றாள். அவள் கொடுத்த மதிப்பெண் அதுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் இல்லை. அவளுக்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவளுடைய அண்ணன் ஸ்கூட்டரை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். கேமும் செல்பேசியில் இருக்கிறது. 'தண்ணி குடி' என்று அவள் சொல்வதைக் கேட்பதற்காக வேண்டுமென்றே விழுவதில்லை. அவளுக்கு அது பிடிக்காது. ஒழுங்காகத்தான் ஆடுகிறேன். அப்படியும் பேண்டேஜ் துணி காயும் இடத்தில் இன்னும் தடுமாறி விழுகிறேன். தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள். காலையில் வேலைக்குப் போகும்போது சாலை முழுவதும் எனக்கு முன்னால் தெரிகிறது. மலை வலப்பக்கம் இருக்கிறது.