ஒரே பூனைக்கு இரண்டு மருந்து

கேயா சாமந்தோவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் பாக்பஜார் சந்தில் மிகக் குறைவு. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை அவளுக்கு. ஐம்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்த மருந்தானாலும் மேலே எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி முழுக்கப் படிக்காமல் மூடியைத் திறக்க மாட்டாள். இந்தப் பழக்கத்தால் இரண்டு வீடுகளில் வேலை போயிற்று. ஒரு வீட்டில் டாக்டரிடமே பாட்டிலை நீட்டி, "இது போன மாசமே கெட்டுப்போச்சு. முதல்ல நீங்க ஒரு மொடக்கு குடிங்க, அப்புறம் பாட்டிக்குக் குடுக்கிறேன்" என்று சொன்னாளாம்.

நாங்கள் மூன்று குடும்பமும் ஒரே பழைய வீட்டில் இருக்கிறோம். கீழே நான், நடுமாடியில் கேயா, மேல்மாடியில் பிஜோயா தத்தோ. பிஜோயா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் மகன் கல்யாணத்தில், பந்தி பாதி நடக்கும்போது, பரிமாறிய ஹில்சா மீன் பழசு என்று கேயா உரக்கச் சொல்லிவிட்டாள். பாதிப் பேர் தட்டைத் தள்ளி வைத்தார்கள். மீன் உண்மையிலேயே பழசுதான், அதை நானும் தின்றேன். உண்மை என்பதாலேயே பிஜோயாவால் மன்னிக்க முடியவில்லை. அதன்பின் பதினொரு வருஷம் இருவருக்கும் பேச்சு இல்லை, ஏச்சு மட்டும் இருந்தது. படியில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டே கடப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கி வந்த சாம்பல் நிறப் பெண்பூனை ஒன்று இந்தப் பகையை இன்னும் வளர்த்தது. காலையில் அது கேயா வீட்டில் மீன்தலையும் சோறும் தின்னும். பகலில் மேலே போய் பிஜோயாவின் சோபாவில் தூங்கும். கேயாவுக்கு அது புட்கி, பிஜோயாவுக்கு மஹாராணி. அவரவர் மனசில் பூனை அவரவருடையது, மற்றவள் திருடி.

போன ஆவணி மழையில் பூனை ஓயாமல் சொறிய ஆரம்பித்தது. கேயாவின் கணுக்காலெல்லாம் சிவப்புத் தடிப்பு. தெள்ளுப்பூச்சி. சந்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் தடவு என்றான் ஒருவன், அந்துருண்டையைப் படுக்கையில் போடு என்றாள் ஒருத்தி, நான் வேப்பெண்ணெய் என்றேன். பூனை தன் உடம்பை முழுக்க நக்கும், அதன்மேல் தடவுவதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும், அந்த எண்ணெயை நானே குடித்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டாள் கேயா.

பிறகு டிராம் பாதையோரம் இருக்கும் பிராணிகள் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரன் பெட்டி இல்லாமல் வெறும் குழாய் ஒன்றை எடுத்து, பிடரியில் பாதியை விடு, பூனைக்குப் பாதி போதும் என்றான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைக் கூட்டிப் படித்தாள். மருந்தின் பெயர் பெர்மெத்ரின். பெட்டி எங்கே என்று கேட்டதற்கு அவன் முனகினான். கவுண்டருக்கு அடியில் கிடந்த பெட்டியை அவளே குனிந்து எடுத்தாள். அதில் நாய்ப் படம் போட்டு, பூனைக்குப் போடக்கூடாது என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. குழாயை அவன் மேசையில் எறிந்துவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து மிருக டாக்டரிடம் போனாள். டாக்டர் லாஹிரி பூனையை நிறுத்தார். மூன்றரைக் கிலோ. அந்த எடைக்கென்று பூனைப் படம் போட்ட மருந்து எழுதிக்கொடுத்தார். அதை நாக்கு எட்டாதபடி பிடரி மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். கேயா அன்றைக்கே விட்டாள்.

மறுநாள் கேயா வேலைக்குப் போயிருந்தாள். பிஜோயாவின் சோபாவிலும் தெள்ளு குதித்தது. அவளும் அதே கடைக்குப் போனாள். கேயா எறிந்துவிட்டு வந்த மருந்தையே கடைக்காரன் அவளுக்கு விற்றான். அவள் கணக்கு வாத்தியார். பாதி என்றால் சரியாகப் பாதி அளந்து பூனையின் முதுகில் விட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கேயா திரும்பியபோது பூனை அவள் வாசற்படியில் கிடந்தது. காது துடித்தது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் எச்சில் வழிந்தது. தன் மருந்துதான் இப்படிச் செய்துவிட்டது என்று நினைத்து அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். போனில் டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: வேறு ஏதாவது போட்டீர்களா? கேயா பூனையின் முதுகைத் தடவினாள். பிசுபிசுப்பாக இருந்தது. அவள் மருந்து விட்ட இடம் அது இல்லை.

பதினொரு வருஷமாக ஏறாத படியை ஏறினாள். பூனையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

கதவைத் திறந்த பிஜோயா பூனையைப் பார்த்தாள். "என்னடி பண்ணினே என் மஹாராணியை?"

"நீங்க என்ன போட்டீங்க? அதைச் சொல்லுங்க."

"உனக்கு எதுக்கு நான் கணக்குச் சொல்லணும்?"

"சொல்லாட்டி செத்துப்போயிடும். அப்புறம் என்னை என்ன வேணாலும் திட்டுங்க. இப்ப குழாயைக் கொண்டு வாங்க."

பிஜோயா குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேடினாள். குழாயைப் பார்த்ததும் கேயா அதைப் படிக்கக்கூட இல்லை.

"இது நாய் மருந்து, அக்கா. பூனைக்கு விஷம்."

"பாதிதான் போட்டேன். பூனைக்குப் பாதின்னு அவன் சொன்னான்."

"விஷத்துல பாதி என்ன, முழுசு என்ன? இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்குடுத்தீங்க?"

மறுபடி போன் போட்டபோது டாக்டர் சொன்னபடி முற்றத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்புமாக இருவரும் பூனையைக் கழுவினார்கள். ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி தேய்த்தாள். கையைப் பார்த்துத் தேய், தலையில் தண்ணீர் விடாதே, மெதுவாக, சீக்கிரமாக என்று ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டே கழுவினார்கள். துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறினோம். போகும் வழியெல்லாம் ஹில்சா மீன் கதை ஓடியது. ஆட்டோக்காரன் மூன்று தடவை திரும்பிப் பார்த்தான்.

டாக்டர் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார். இழுப்பு நிற்க மறுநாள் மதியம் ஆயிற்று. இரண்டு நாளும் இருவரும் அங்கே ஒரே பெஞ்சில் இரண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். படிவத்தில் எழுத டாக்டர் பூனையின் பெயரைக் கேட்டபோது ஒரே சமயத்தில் இரண்டு பெயர் வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பேரு நூறு வச்சுக்குங்க. மருந்து போடற கை மட்டும் ஒண்ணா இருக்கட்டும். யாரு போடுவீங்க?"

நான் என்றாள் கேயா. பிஜோயா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கோபத்தைக் கடைக்காரன் மேல் காட்டினாள். பூனை பிழைத்த அன்றே போய், கடையில் ஆட்கள் நிற்கும்போது, நாய் மருந்தைப் பூனைக்கு விற்றவன் என்று வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். எத்தனையோ பூனைக்குக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்றான் அவன். செத்ததெல்லாம் உன்னிடம் வந்து சொல்லுமா என்று பின்னால் நின்ற கேயா கேட்டாள். அவர்கள் சேர்ந்து போகவில்லை. தனித்தனியாக வந்து அங்கே சந்தித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு வாரம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கேயா அந்தக் கடை வாசலில் நின்று, பூனைக்கு மருந்து கேட்டவர்களின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கிப் படித்துக் காட்டினாள். போலீசைக் கூப்பிடுவேன் என்று கடைக்காரன் கத்தினான். கூப்பிடு என்றாள். அவன் கூப்பிடவில்லை. பெட்டியில்லாமல் விற்பதை நிறுத்தினான். மனம் திருந்தி என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகு இருவரும் சமாதானமாகியிருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் அவர்களைப் பார்த்ததில்லை. தெள்ளு பூனையின் மேல் இருப்பதைவிட வீட்டில்தான் அதிகம் இருக்கும், படுக்கையையெல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். யார் வீட்டுத் தெள்ளு என்பதில் இப்போது புதுச் சண்டை. பிஜோயாவின் சோபா தெள்ளுப் பண்ணை என்கிறாள் கேயா. நோயாளி வீடுகளிலிருந்து கேயா புடவையில் கொண்டுவந்து இறக்குகிறாள் என்கிறாள் பிஜோயா.

மாதம் ஒருமுறை பிஜோயா படியிறங்கி வந்து கேயாவின் வாசலில் கைகட்டி நிற்கிறாள். உள்ளே வரமாட்டாள். கேயா பெட்டியை நீட்டுகிறாள். பிஜோயா படத்தைப் பார்த்து, எடையைப் பார்த்து, தேதியைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள்.

போன மாதம் நானும் அங்கே இருந்தேன். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ கையில போய் மாட்டிக்கிட்டியேடி மஹாராணி" என்று பூனையிடம் சொன்னாள் பிஜோயா. கேயா பிடரி மயிரை விலக்கிக்கொண்டே, நிமிராமல், "நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள்.