பிலோமினா அக்காவுக்குப் பொன்னாடை

செமோரில் வாழ்ந்த பிலோமினா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கான எங்கள் மாலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, ஈப்போவில் லாரிக்குச் சிமெண்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். சரித்திர மறுதேர்வுக்குக் காத்திருந்தவர்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியின் முதல் படியான புகுமுக வகுப்போடு நிறுத்தப்பட்டவர். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டுமாம். நாற்பதைத் தாண்டி, மருத்துவமனையில் தரை துடைத்துக்கொண்டே படிக்க வந்தார். "அட்டெண்டன் வேலைக்கு எஸ்பிஎம் கேக்குறான்லா. இந்த வாளிய இன்னும் எத்தன வருஷம் தூக்குறது?" என்றார் முதல் நாளே.

வகுப்பு ஒரு பொது மண்டபத்தில் நடந்தது. ஓசி இடம். கல்யாணமோ பிறந்தநாள் விருந்தோ, எது வந்தாலும் வெளியே போவது நாங்கள்தான். தேர்வுக்கு முந்திய மாதம் அங்கே நடந்தது என்ன தெரியுமா? கல்வி விருது விழா. நிறைய ஏ எடுத்த பிள்ளைகளுக்குப் பொன்னாடை. அலங்காரம், ஒத்திகை என்று எங்கள் வகுப்பு வாரக்கணக்கில் நின்றது, நாற்காலிகளும் போயின. மண்டபத் தலைவர் அக்காவைப் பார்த்து, "நீங்க கேட்டரிங்தானே? மேசைக்குத் தண்ணி வெச்சிருங்க" என்றார்.

"நான் சரித்திரம் படிக்க வந்தேன் அண்ணே. தண்ணி வெக்க உங்களுக்குக் கை இருக்குல்ல?"

வெளியே வந்ததும் எங்களிடம் சொன்னார்: "செத்தா மாலையோட வருவாங்க. இருக்கும்போது ஒரு நாற்காலி குடுக்க மனசு வராது."

அந்த ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில் தேறினார், சரித்திரத்தில் தவறினார். சரித்திரம் தேறாமல் சான்றிதழ் கிடையாது. நின்றுபோன பாடங்களிலிருந்துதான் கேள்விகள் வந்திருந்தன. விதி என்று சிலர் சொன்னார்கள். விதியாவது மண்ணாவது.

துக்க வீட்டுக்குத் தலைவர் வந்தார். பெட்டியின்மேல் பொன்னாடை போர்த்தினார். "கல்விக்கு வயதில்லை என்று வாழ்ந்து காட்டியவர்" என்று தழுதழுத்தார். புதன்கிழமை மண்டபத்தில் இரங்கல் கூட்டம் என்றும் அறிவித்தார். புதன்தான் எங்கள் சரித்திர வகுப்பு.

அன்று நாற்காலி எடுக்க ஆள் வந்தது. "எழுந்திரிங்க அண்ணே, பிலோமினா அக்கா கூட்டம்லா."

நானும் சரித்திரத்தில் தவறியவன்தான். "போன தடவ எழுந்திரிச்சோம், அக்காவுக்குச் சரித்திரம் போச்சு. இன்னைக்கு முடியாதுலா" என்றேன். பக்கத்தில் இருந்தவர்களும் அசையவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபம். அதை நான் ஆறவிடப் போவதில்லை. மேடையில் தலைவர் அக்காவைப் புகழ்ந்துகொண்டிருக்க, நாங்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசையில் எங்கள் சரித்திர டீச்சர் பாடத்தைத் தொடங்கினார்.