ஏழு நிமிடக் கைதட்டல்

லூப்ளின் நாடக அரங்கில் ஹால்ஷ்கா அம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷம் உடுப்பு மாட்டிவிட்டவள் நான், ப்ரோன்யா. படத்தில் அவள் அழுதால் நாடே மூக்கைச் சிந்தும். விருது வாங்கப் போனாலும் முதுகுக் கொக்கி மாட்ட நான்தான் கூடப் போவேன். அந்த மகராசியை மேடையை விட்டு இறக்கினதும் நான்தான். இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

எண்பத்திரண்டாம் வருஷக் குளிர். ராணுவ ஆட்சி வந்து தெருவெல்லாம் ராணுவ வண்டி. அதை எதிர்த்து, இனி அரசாங்கத் தொலைக்காட்சியில் ஒருத்தரும் முகம் காட்டக் கூடாது என்று முந்தின டிசம்பரில் நடிகர்கள் கூடி முடிவெடுத்திருந்தார்கள். மீறிப் போனவர்களை ஜனம் திட்டாது. மேடையில் வாயைத் திறந்தால் கைதட்டும். ஆள் இறங்கிப் போகும்வரை விடாது தட்டும்.

அந்த வாரம் நான் ஒரு கொக்கியை மாட்டாமல் விட்டுவிட்டேன். "கண்ணை எங்கடி அடகு வெச்ச?" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். நேற்று வந்த சுண்டைக்காய்கள்கூடச் சிரித்தன. அதை மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அவள் நாடகம் வந்தது. நீல வெல்வெட் உடுப்பு. பார்த்ததுமே பழைய பதிவு என்று தெரிந்துவிட்டது. அந்த உடுப்பை முந்தின கோடையிலேயே நான் வெட்டி வேறொருத்திக்குத் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் இறைச்சிக்கடை வரிசையில், எங்கள் அரங்கில் டிக்கெட் கிழிக்கிற கொர்னேலியா நின்றாள்.

"என்னடி, உங்க மகாராணி டிவில வந்துட்டாளே! விலை போயிட்டாளா?"

"பெரிய மனுஷங்க சமாச்சாரம். எனக்கென்னடி தெரியும்?"

அவ்வளவுதான் சொன்னேன். வரிசை முழுக்கக் காது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சனிக்கிழமை அம்மா மேடையேறினாள். கைதட்டினார்கள். அன்பென்று நினைத்து, பாவம், குனிந்து வணங்கினாள். சத்தம் நிற்கவில்லை. வாயைத் திறந்தாள், இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஏழு நிமிடம். முகம் வெளுத்து உள்ளே வந்தாள். மறுநாள் என்னைத் தேடி வந்தாள்.

"டிவில வந்தது பழசுன்னு சொன்னா, போனவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கங்கறாங்க. எப்போ எடுத்ததுன்னு காட்ட உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்காடி?"

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை போதும். ஆனால் அதை ஏன் திங்கட்கிழமையே சொல்லவில்லை என்று கேட்பார்களே!

"இல்லீங்கம்மா," என்றேன்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயசு. அப்புறம் படமும் இல்லை, நாடகமும் இல்லை. காலம் மாறி ஆட்கள் தேடி வந்தபோதும், "கைதட்டு கேட்டாலே ஒடம்பு நடுங்குது" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

பல வருஷம் கழித்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பீட்ரூட் சூப் கொண்டுபோனேன். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நான் வாயெடுக்கும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அத்தனை பேர்ல கைதட்டாத ஒரே ஆள் நீதாண்டி, ப்ரோன்யா."

"ஆமாங்கம்மா," என்றேன்.